கிளினிக் நாளும் அரைப்பேரும்

(அலுவிகாரை தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிளினிக் நாள் வந்தால் நாம் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் போகும். சீக்கிரம் திரும்பி வந்தாலும் அரைப்பேர்தான். போகாவிட்டால் பிரஷர் குளிசை முடிந்துவிடும். "தலைசுற்று இல்லையே, நாலு நாள் பார்ப்போம்" என்று வேலைக்குப் போய்விடுகிறோம்.

அந்த நாலு நாளில் என்ன நடக்கும்? அது குளிசையைப் பொறுத்தது.

அம்லோடிபின் மெதுவாகத்தான் உடம்பை விட்டுப் போகும். அது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறினால் பிரஷர் உடனே ஏறிவிடாது. நாள் கூடக் கூட ஏறும். லோசாட்டன் அப்படியல்ல. உடம்பில் வேலை செய்யும் அதன் வடிவம் 6 முதல் 9 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அட்டெனோலோலைத் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்து. இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்புகூட வரலாம்.

தலைசுற்று இல்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகாது. பலருக்குப் பாரிசவாதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

மறந்த குளிசையை அன்றே நினைவு வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள். மாசி மகத் தேருக்கு விரதம் பிடிப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

2016–2017இல் நம் நாட்டின் 11 ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 700 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நீண்ட நேரம் நிற்கும் மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 100க்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழக்கமான வைத்தியத்தில் 55 பேருக்குத்தான். "நாளுக்கு ஒரு தடவை போடுகிற, நீண்ட நேரம் நிற்கிற குளிசை எனக்குச் சரிவருமா?" என்று டாக்டரிடம் நாமும் கேட்கலாம்.

அதற்கு நம் குளிசையின் பெயர் நமக்குத் தெரிய வேண்டும். மனப்பாடமாக இருந்த போதனைகளைப் பிக்குகள் ஏட்டில் எழுதி வைத்த ஊர் இது. உறையில் உள்ள இங்கிலீஷ் பெயரை நம் பிள்ளைகள் வாசித்து, கொப்பியில் தமிழில் எழுதித் தரட்டும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம்.

நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: கிளினிக் கொப்பியைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது. குளிசை எடுக்கிற எல்லோரும் உங்கள் கிளினிக் தேதியைக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் பேச்சுவார்த்தைக்குப் போகிறோம்.