படகின் எஞ்சின் இறுகினால்

ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது பழமொழி. மோட்டர்ப் படகு வைத்துத் தொழில் செய்வோர் அப்பழமொழியின் பொருளைப் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. நேற்றுவரை கடலிற் சென்ற படகு இன்று மணலில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் ஒரு தட்டு ஒலி மட்டும் கேட்கிறது. கையாற் சுற்றினாலும் அசைவில்லை. “எஞ்சின் பிடித்துவிட்டது” என்று கரையிலுள்ளோர் கூறுவர். கூடியிருப்போரில் ஒரு சாரார், பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டு என்பர். மற்றொரு சாரார், எண்ணெயை ஊற்றி அடித்துச் சுற்று என்பர். இரு சாராரும் மறந்துவிடும் வினா ஒன்றுண்டு. அது யாதெனில், எஞ்சின் ஏன் இறுகிற்று என்பதாகும். இவ்வினாவுக்கு விடை காணாது செலவு செய்பவர் பல வேளைகளில் இருமுறை செலவு செய்ய நேர்கிறது.

இலங்கையின் கரையோரங்களில் நெடுங்காலம் பாயும் துடுப்பும் கொண்ட கலங்களே தொழில் செய்தன. 1950களின் பிற்பகுதியிலே, 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் கடன் முறையில் மீனவருக்கு வழங்கப்படலாயின. வெளியிணைப்பு எஞ்சின்களும் பரவின. காற்றின் தயவை எதிர்பாராது கரை திரும்பும் வசதி இவற்றாற் கிடைத்தது. எனினும், அவ்வசதியோடு ஒரு புதிய சார்பும் வந்து சேர்ந்தது. பாய் கிழிந்தால் வீட்டுத் திண்ணையில் இருந்தே தைத்துவிடலாம். அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. எஞ்சினின் உள்ளே நிகழ்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. அது பழுதுறும்போது, தன் பிழைப்பையே பிறர் சொல்லை நம்பி ஒப்படைக்க வேண்டியவராகிறார் சம்மாட்டி.

ஆதலின், உள்ளே நிகழ்வதைச் சிறிது அறிதல் நன்று. டீசல் எஞ்சினில், சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் சில பங்கேயாகும். தலைமயிரின் பருமனோடு ஒப்பிடத்தக்கது. அந்த வெளியில் எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று, உலோகத்தோடு உலோகம் உரசாது காக்கிறது. அப்படலம் அற்றுப்போனாலும், பிஸ்டன் அளவுக்கு மேல் விரிந்தாலும், துரு வந்து இடைவெளியை அடைத்தாலும் எஞ்சின் இறுகும். வெளியே தோன்றும் குறி ஒன்றே. உள்ளேயுள்ள நோய்கள் வேறு வேறு.

முதலில், இறுகியது எஞ்சின்தானா என்று தெளிதல் வேண்டும். வலைத்துண்டோ கயிறோ விசிறியில் சிக்கித் தண்டை இறுக்கியிருக்கலாம். கியர்ப்பெட்டி உடைந்து பூட்டியிருக்கலாம். ஸ்டாட்டர் மோட்டரின் பற்சில்லு பெரிய சில்லின் பற்களுக்கிடையே மாட்டியிருக்கலாம். பற்றரியின் வலு குறைந்திருத்தலும் உண்டு. எனவே, கியரை நடுநிலையில் வைத்து, பின்புறத் தண்டைக் கழற்றிப் பிரித்து, ஸ்டாட்டரையும் அகற்றிய பின்னர், எஞ்சினின் முன்புறத்துள்ள பெரிய திருகாணியில் நீண்ட திறப்பைப் பூட்டி மெல்லச் சுற்றிப் பார்ப்பதே முறை. இச்சோதனை அரை நாள் வேலை. அதிலே படகு பிழைத்துக் கொண்டால், கழற்றி எறியப்பட இருந்த எஞ்சின் மறுநாளே கடலுக்குப் போகும்.

எஞ்சினே இறுகியது என்று உறுதியானால், அடுத்துக் காரணத்தை ஆராய வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது, எண்ணெய்க் குறைவு. அளவுகோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் இராது. இருந்தாலும் கறுத்துத் தடித்திருக்கும். கிராங்குத் தண்டைத் தாங்கும் தாங்கிகள் தேய்ந்து உருகித் தண்டோடு ஒட்டியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கையில், உரத்த இடியொலியின் பின் நின்ற எஞ்சின் இவ்வகையினதாக இருத்தல் கூடும். நால்வகையிலும் செலவு மிகுந்தது இதுவே.

இரண்டாவது, சூடு. கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பியினுள்ளே இறப்பர் இதழ்கள் கொண்ட சிறு சில்லு ஒன்றுண்டு. அவ்விதழ்கள் முறிந்தாலோ, கீழேயுள்ள நீர்வாயைப் பாசியோ பொலித்தீன் பையோ அடைத்தாலோ நீரோட்டம் நின்றுவிடும். பல எஞ்சின்களின் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது, உருளையோ வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். விரிந்த பிஸ்டன் உருளையைக் கவ்விக்கொள்ளும். ஆறிய பின் சில வேளைகளில் தானே விடுபடுவதும் உண்டு. அவ்வாறு விடுபட்டது கண்டு மகிழ்ந்து மீண்டும் கடலுக்குப் போதல் பெருந்தவறு. உருளைச் சுவரில் ஏற்பட்ட கீறல்கள் மறைவதில்லை.

மூன்றாவது, உருளைக்குள் நீர் புகுதல். குளிர்விக்கும் நீர் புகையோடு கலந்து வெளியேறும் அமைப்புள்ள படகுகளில், எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்குமாயின், குழாயின் வளைவும் அதன் உச்சியிலுள்ள காற்றுத்துளையும் செம்மையாக இருத்தல் வேண்டும். துளை உப்பால் அடைபட்டால் நீர் தானாகவே உள்ளே இறங்கும். எஞ்சின் பற்றாதபோது ஸ்டாட்டரை மீண்டும் மீண்டும் ஓட்டுவதும் இதே தீங்கை விளைவிக்கும். பம்பி நீரைத் தள்ளுகிறது, அதனை வெளியே ஊதும் புகையோ இல்லை. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. நீர் நிறைந்த உருளையைப் பலவந்தமாகச் சுற்றினால் இணைப்புத் தண்டு வளையும். எண்ணெய் பால்போல வெளுத்திருப்பது, அதனுள் நீர் கலந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

நான்காவது, சும்மா நிற்றல். ஓடாத எஞ்சினின் உருளைச் சுவரிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும். உப்புக் காற்று துருவை விளைவிக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். போர்க்காலத்திலே கடற்றடையாலும் எரிபொருளின்மையாலும் ஆண்டுக்கணக்காகக் கரையிற் கிடந்த வடபகுதிப் படகுகளுக்கு நேர்ந்த கதி இதுவாகும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலும் நாடெங்கும் படகுகள் கரையில் நின்றன. இவ்வகை இறுக்கம் பார்வைக்கு அச்சந்தருவதாயினும், பெரும்பாலும் தீர்க்கத்தக்கதே.

தீர்க்கும் முறை பொறுமையைச் சார்ந்தது. எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் உருளையினுள்ளும் மண்ணெண்ணெயும் மெல்லிய எஞ்சின் எண்ணெயும் கலந்த கலவையைச் சிறிதளவு ஊற்ற வேண்டும். ஒரு நாளில் அவசரப்படாது, பல நாள் ஊறவிட வேண்டும். குறைந்தாற் கூட்ட வேண்டும். பின்னர், நீண்ட திறப்பினால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். மயிரிழையளவு அசைந்தாலும் அது நற்குறியே. அதே திசையில் முரட்டுத்தனமாக இழுக்காது, வந்த வழியே திருப்பி, மறுபடியும் எண்ணெய் விட வேண்டும். ஸ்டாட்டர் மோட்டரைக் கொண்டு இறுக்கத்தை உடைக்க முயலலாகாது. முழுச் சுற்று வந்தபின், இன்ஜெக்டர்களைப் பூட்டுமுன்னரே பலமுறை சுற்றி, உள்ளே நின்ற கலவையை வெளியேற்றுதல் இன்றியமையாதது. பழைய எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, சிறிது நேரம் ஓட்டியபின் அந்தப் புதிய எண்ணெயையும் வடித்துவிட்டு மீண்டும் மாற்றுவது கைதேர்ந்த வினைஞரின் வழக்கம்.

இவ்வளவும் செய்தும் அசையாவிடின் தலைமூடியைத் திறக்க வேண்டியதுதான். கீறல் சிறிதாயின் தேய்த்துச் சரிசெய்து, புதிய வளையங்கள் இடலாம். சுவர் ஆழமாகக் கீறியிருந்தால், கடைசற் பட்டறையில் உருளையைச் சிறிது அகலமாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர். கழற்றி மாற்றத்தக்க உள்ளுறை உள்ள எஞ்சினாயின் வேலை இன்னும் எளிது. ஆனால், உருளைக்கட்டு வெடித்திருந்தாலோ, உப்புநீர் உலோகத்தை அரித்துத் துளைத்திருந்தாலோ, அந்த வகை எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது போனாலோ, பழையதற்குச் செய்யும் செலவு வீண் செலவாகும்.

புதிய எஞ்சின் வாங்குவது என்று முடிவு செய்தாலும், வினாக்கள் முடிந்துவிடுவதில்லை. படகின் உடல் எந்நிலையில் உள்ளது? ஏராவும் வங்குகளும் உறுதியாக உள்ளனவா? எஞ்சின் அமரும் கட்டைகள் உளுத்திருந்தால், புதிய எஞ்சினின் அதிர்வு அவற்றை இன்னும் விரைவில் உலைத்துவிடும்.

அடுத்து, வலு பற்றிய ஆசை. கூடிய குதிரைவலு கூடிய வேகம் தரும் என்று பலர் எண்ணுகின்றனர். நீரைக் கிழித்துச் செல்லும் கனத்த படகுக்கு அதன் நீளமே வேகத்தின் எல்லையை வகுக்கிறது. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் அவ்வெல்லை ஏறத்தாழக் கிடைக்கும். 25 அடி நீளமுள்ள படகுக்கு அது மணிக்கு 6.7 கடல்மைல். அதற்கு மேல் எவ்வளவு வலுவைக் கூட்டினும், பின்னால் எழும் அலையும் எரிபொருட் செலவுமே பெரிதாகும்.

மலிவு கருதி லொறி எஞ்சினைப் படகிற் பூட்டுவோரும் உளர். அது கூடாதென்றில்லை, ஆயினும், அது வீதிக்கென ஆக்கப்பட்டது. வீதியில் அதற்கு ஏற்றமும் இறக்கமும் இளைப்பாறலும் உண்டு. கடலிலோ மணிக்கணக்காக ஒரே சுமையை இழுக்க வேண்டும். எதிர்க்காற்றால் ஆறும் ரேடியேற்றர் படகில் பயன்படாது. கடல்நீரால் நன்னீரைக் குளிர்விக்கும் அமைப்பு வேண்டும். எஞ்சின் சரிவாக அமர்வதால், எண்ணெய்த் தட்டில் எண்ணெய் பின்புறம் ஒதுங்கி, பம்பிக்கு எட்டாது போகாமலும் பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாது பூட்டிய எஞ்சின், முன்னது இறுகிய அதே காரணத்தால் தானும் இறுகும்.

எஞ்சினையும் தண்டையும் நேர்ப்படுத்துவது மற்றொரு நுண்ணிய வேலை. இரு இணைப்புத் தட்டுகளும் சந்திக்கும் இடத்தில், தட்டின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேறுபாடு இருத்தலாகாது என்பது பொதுவிதி. இதனைக் கரையில் ஒருமுறை பார்த்தாற் போதாது. நீரில் மிதக்கும் படகின் உடல் சற்றே வளையும். ஆதலின், இறக்கி ஒரு நாளேனும் மிதக்கவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். விசிறியும் புதிய எஞ்சினுக்கு ஏற்றதாக இருத்தல் அவசியம். முழு வேகத்தில் எஞ்சின் தனக்குக் குறித்த சுற்றுக்களை எட்டாவிடின், விசிறியின் சுமை அதிகம் என்பது பொருள்; அந்நிலையில் ஓடும் எஞ்சின் கரும்புகை கக்கிச் சூடேறும்.

இனி, உதாரணம் ஒன்று. நீர்வாயில் பாசி அடைந்து எஞ்சின் சூடேறி இறுகிய படகொன்றை எண்ணிப் பார்க்கலாம். உரிமையாளர் மனைவியின் நகையை அடகுவைத்துப் புதிய எஞ்சினைப் பூட்டுகிறார். நீர்வாயை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பருவம் முடியுமுன் புதியதும் சூடேறுகிறது. அடகுக் கடனும் நிற்கிறது, படகும் நிற்கிறது, அப்படகை நம்பிக் கடலுக்குச் செல்லும் மூன்று நான்கு குடும்பங்களின் அடுப்பும் அணைகிறது. அடைப்பை அகற்றச் சென்றிருக்கும் நேரமோ ஒரு மணிதான். எஞ்சின் சொன்ன செய்தியைக் கேளாது அதனை மாற்றியதன் பலன் இது.

கடலில் மூழ்கிய எஞ்சினைப் பற்றியும் ஒரு சொல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளிற் பல்லாயிரம் உயிர்களோடு படகுகளையும் அள்ளிச் சென்றது. அத்தகைய பேரிடர் வேளையில் எஞ்சினை எண்ண எவருக்கும் மனம் வராது. எனினும், சாதாரணமாகப் படகு கவிழ்ந்து எஞ்சின் நீரில் மூழ்கும்போது, தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. நீரினுள்ளே கிடக்கும்வரை துரு மெல்லவே பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் சில மணி நேரத்தில் விரைந்து பரவும். ஆதலின், எண்ணெயும் ஆயுதங்களும் ஆளும் ஆயத்தமான பின்னரே எடுத்தல் வேண்டும். எடுத்தவுடன் நன்னீரால் உள்ளும் புறமும் கழுவி, இன்ஜெக்டர்களைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயை நிறைத்துச் சுற்றிவிட வேண்டும். அன்றே செய்தால் பிழைக்கும் எஞ்சின், நாளை என்றால் பிழைப்பது அரிது.

நாள்தோறும் செய்யவேண்டியவை மிகச் சிலவே. புறப்படுமுன் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்த்தல். எஞ்சின் பற்றியவுடன், பின்புறக் குழாயில் நீர் வெளிவருகிறதா என்று நோக்குதல். வராவிடின், அந்நொடியே நிறுத்துதல். ஆண்டுக்கொருமுறை பம்பியின் இறப்பர்ச் சில்லை மாற்றுதல். வாடைக் காலத்தில் கரையேற்றிய படகின் எஞ்சினை வாரத்துக்கொருமுறை கையாற் சுற்றிவிடுதல். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. படகு இறக்கும் இளைஞர், வலையைப் பழுதுபார்க்கக் கற்பதுபோல இவற்றையும் கற்றுக்கொள்வாராயின், கடலின் நடுவே எஞ்சின் நின்று, இரவு முழுதும் கரையின் விளக்கைப் பார்த்துக்கொண்டு மிதக்கும் நிலை அவர்க்குப் பெரிதும் நேராது.