வாகன பேட்டரியும் தோட்டத்து ஸ்டோரும்

(தோட்டத் தொழிலாளர் பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மரம் சீவும் கத்தியைக் கையாளும் முறை பற்றியும், களைக்கொல்லி தெளிக்கும்போது மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை பற்றியும் இத்தகைய கூட்டங்களில் பலமுறை பேசப்பட்டுள்ளது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், பார்த்த மாத்திரத்தில் அச்சம் தருவதன்று. சாமான் ஸ்டோரின் மூலையில், கயிற்றுச் சுருளுக்கும் பால் வாளிகளுக்கும் நடுவே சத்தமின்றி இருக்கும் வாகன பேட்டரியைப் பற்றியே பேசப் போகிறோம். அதனை மின்கலம் என்று சொல்வது தமிழ் முறை. ஆயினும், லோரி ஓட்டுநர் முதல் ஸ்டோர் கிராணி வரை எல்லாரும் பேட்டரி என்றே வழங்குவதால் நாமும் அச்சொல்லையே கொள்வோம்.

ஸ்டோரில் வைத்த மண்வெட்டியை ஓராண்டு கழித்து எடுத்தாலும் அது மண்வெட்டியாகவே இருக்கும். மிஞ்சினால் சிறிது துருப்பிடித்திருக்கும். பேட்டரி அத்தகைய பொருளன்று. வண்டியில் பூட்டப்படாமல் அலமாரியில் இருக்கும்போதும் அதனுள்ளே மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. அதனை மண்வெட்டியைப் போல் எண்ணி ஒதுக்கி வைப்பதால்தான் பணமும் வீணாகிறது, ஆளுக்கும் ஆபத்து நேர்கிறது.

பேட்டரியின் உள்ளே இருப்பவை யாவை? 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும், ஈய ஆக்சைடு பூசிய தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டறிந்தார். இன்றும் நமது லோரிகளிலும் டிராக்டர்களிலும் பெரும்பாலும் அதே முறைதான் இயங்குகிறது. இதில் நம் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகள் வருவதற்கு முன்னர், பல்லாண்டுகளாகப் பேட்டரியின் பெட்டி, மிகுதியான கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கப்பட்ட ரப்பரினால் செய்யப்பட்டது. அமிலம் அரிக்காத பொருள் என்பதால் ரப்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே காரணத்தினால்தான் பேட்டரியைத் தொடும் கைக்கு இன்றும் ரப்பர் கையுறை வேண்டும் என்கிறோம்.

இனி, ஸ்டோரில் நிகழ்வதைக் காண்போம். பயன்படுத்தாத பேட்டரியிலிருந்தும் மின்சக்தி மெல்ல மெல்லக் குறைகிறது. வெப்பம் கூடினால் இக்குறைவு விரைவாகிறது. ஏறத்தாழ 10 பாகை வெப்பம் கூடினால் இருமடங்கு வேகத்தில் சக்தி இறங்கும் என்பது கணக்கு. தகரக் கூரை வேய்ந்த ஸ்டோரில் நண்பகல் வெப்பம் எவ்வளவு என்பது அங்கே வேலை செய்வோருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக்தி இறங்கிய நிலையில் பேட்டரியை நெடுநாள் விட்டுவிட்டால், தகடுகளின்மேல் வெண்மையான ஈய சல்பேட்டு படிந்து கெட்டியாகிவிடும். அதன் பிறகு எத்தனை மணி நேரம் மின்சாரம் ஏற்றினாலும் பழைய வலிமை திரும்பாது. புதிதாக வாங்கி ஒரு நாளும் வண்டியில் ஏறாத பேட்டரி, ஸ்டோரிலேயே கெட்டுப்போவது இப்படித்தான்.

இதனால் யாருக்கு நட்டம்? நிர்வாகத்துக்குத்தானே என்று சிலர் எண்ணலாம். காலையில் பால் லோரியின் பேட்டரி செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரிலிருந்து புதிய பேட்டரியை எடுத்துப் பூட்டினால் அதிலும் உயிரில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சேர்த்து வைத்த பால் உறையத் தொடங்குகிறது. விடியுமுன் எழுந்து மரம் சீவியவரின் உழைப்பு, பாலாக விலைபோக வேண்டியது கட்டியாக விலைபோகிறது. ஆகவே ஸ்டோரின் ஒழுங்கு கிராணி ஒருவரின் கவலை மட்டுமன்று.

பேட்டரியை நிழலான, காற்றோட்டமுள்ள, ஈரமற்ற பக்கத்தில் வைக்க வேண்டும். சன்னல் வெயில் நேரே விழும் இடம் ஆகாது. சிமெண்டுத் தரையில் வைத்தால் தரை சக்தியை உறிஞ்சிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மரப்பெட்டியில் பேட்டரி வந்த பழைய காலத்தில், ஈரம் பட்ட பெட்டியின் வழியே மின்சாரம் கசிய இடமிருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் குறை இல்லை. இருந்தாலும் பலகைமேல் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்பதே நமது கருத்து. அமிலம் கசிந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், தரை ஈரமும் அழுக்கும் பெட்டியில் ஏறா. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க நேர்ந்தால் நடுவே பலகை இட்டு, தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்குமேல் உயர்த்தாமல் அடுக்குக. எப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு பேட்டரியின்மீதும் அது ஸ்டோருக்கு வந்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். முதலில் வந்ததே முதலில் வெளியேற வேண்டும். புதிதாக வந்ததை முன்னால் வைத்து, கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தினால் பின்வரிசையில் இருப்பது மறக்கப்பட்டே மடிகிறது.

மாதம் ஒருமுறை வோல்ட் மீட்டரால் சோதிக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டினால் அது நிறைவாக உள்ளது. 12.4க்கு இறங்கினால் மீண்டும் மின்சாரம் ஏற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது. 12 வோல்ட்டில் நிற்பது ஏறக்குறைய வெறுமையான பேட்டரி. அதில் இன்னும் 12 இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. மூடியைத் திறக்கக்கூடிய பேட்டரிகளுக்கு ஹைட்ரோமீட்டர் சோதனை இன்னும் நல்லது. பாலில் எவ்வளவு ரப்பர் உள்ளது என்பதை அறிய மெட்ரோலாக்கை மிதக்க விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரோமீட்டர் அதன் உடன்பிறப்பே. முழுச் சக்தி உள்ள பேட்டரியில் அது 1.25 முதல் 1.28 வரை காட்டும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்து காட்டினால், அந்த அறை பழுதுற்றது என்று அறியலாம். மூடி திறக்க இயலாத, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகள் இப்போது மிகுதியாக வருகின்றன. அவையும் ஸ்டோரில் சக்தி இழப்பவையே. மாதச் சோதனை அவற்றுக்கும் உண்டு.

அமிலம் தனியாகவும் பேட்டரி உலர்ந்ததாகவும் வரும் வகையும் உள்ளது. தேவைப்படும் நாள் வரை அதன் முத்திரையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் நெடுநாள் கெடாது. அமிலம் ஊற்றிய பின் அதுவும் மற்றவற்றைப் போன்றதே. பயன்பாட்டில் அளவு குறையும்போது சேர்க்க வேண்டியது வடித்த நீர் மட்டுமே. ஆவியாகிப் போவதும் வாயுவாகப் பிரிவதும் நீரே அன்றி அமிலமன்று. அமிலத்தை மேலும் சேர்த்தால் தகடுகள் விரைவில் அரிந்து போகும். குழாய் நீரிலுள்ள உப்புகளும் கேடு விளைவிக்கும். தகடுகள் மூழ்கியிருக்கும் அளவு நீர் இருந்தால், மின்சாரம் ஏற்றி முடித்த பின்னரே மேல் அளவு வரை நிரப்புக. முன்பே நிரப்பினால், ஏற்றும்போது பொங்கி வழியும்.

அமிலத்தைப் பற்றி இரப்பர்த் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை அளந்து கலந்து பழகியவர்கள் நீங்கள். ஆனால், பழக்கமே சில வேளைகளில் பகையாகிறது. பேட்டரியிலுள்ளது கந்தக அமிலம். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். எந்த அமிலமானாலும் தண்ணீரில்தான் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். அமிலத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால் மருந்து தேடி ஓட வேண்டாம். இமையைத் திறந்து பிடித்துச் சுத்தமான நீரால் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுக. அதன் பிறகே கிளினிக்குக்குப் புறப்பட வேண்டும். முதல் நிமிடத்தில் கிடைக்கும் நீர், பின்னர் கிடைக்கும் எந்த மருந்தையும்விட மேலானது. ஆகவே, பேட்டரி வைக்கும் இடத்துக்கு அருகில் தண்ணீர்க் குழாய் இல்லையென்றால் அந்த இடமே பொருத்தமற்றது. தரையில் சிந்திய அமிலத்தின்மேல் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பின் கழுவலாம். கண்ணிலோ தோலிலோ சோடாவைப் போடக் கூடாது, அங்கே தண்ணீர்தான்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மின்சாரம் ஏற்றும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பூட்டிய ஸ்டோருக்குள், அதுவும் எண்ணெய்ப் பீப்பாய்களின் பக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது. பக்கங்கள் திறந்த கொட்டகையே தக்க இடம். முதலில் கம்பிகளை இணைத்துவிட்டுப் பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அமில மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துவோரும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். தயவு செய்து டார்ச் விளக்கைப் பயன்படுத்துங்கள்.

வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். இரு முனைகளுக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரே கணத்தில் பாயும். அந்த வழியில் மோதிரம் இருந்தால் விரலோடு சேர்த்துச் சுட்டுவிடும். வண்டியிலிருந்து கழற்றும்போது உடலோடு இணைந்த எதிர்முனையை முதலில் கழற்றுக, பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்டுக.

கொண்டுசெல்லும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். கார் பேட்டரியே ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். லோரிக்குரிய பெரியவை 30, 40 கிலோ வரை எடையுள்ளவை. அவற்றைத் தனியாளாகத் தூக்குவது வீரமன்று. வண்டியில் நிமிர்த்தி வைத்து, அசையாமல் கயிற்றால் கட்டி, முனைகளைப் பிளாஸ்டிக் மூடியால் மூட வேண்டும். அரிசி, மீன், காய்கறி ஏற்றிய வண்டியில் பேட்டரியை ஏற்றாதீர்கள். ஆட்கள் அமர்ந்து செல்லும் டிரெய்லரில் காலடியில் வைத்துச் செல்வதும் அறவே கூடாது. தோட்டத்துச் செம்மண் சாலையின் ஒரு பள்ளம் போதும், அமிலம் மடியில் கொட்டிவிடும்.

இனி, பழைய பேட்டரியின் செய்திக்கு வருவோம். நாம் இதனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இது ஸ்டோரைத் தாண்டி வீடு வரை வருவதே. 1970களில் மின்சாரம் எட்டாத லயங்களில், கார் பேட்டரியைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்த குடும்பங்கள் பல. பட்டணத்துக் கடையில் சக்தி ஏற்றிக்கொண்டு வந்த பேட்டரி, பிள்ளைகள் படுக்கும் பாயின் பக்கத்திலேயே இருந்தது. அந்நாளில் ஏற்பட்ட உறவினாலோ என்னவோ, பேட்டரி என்றால் நம்மிடையே அச்சம் குறைவு. பழையதை உடைத்து, ஈயத்தை விறகடுப்பில் உருக்கி, தூண்டிலுக்கும் வலைக்கும் குண்டு வார்க்கும் பழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை.

ஈயம் 327 பாகையில் உருகிவிடும், சாதாரண விறகு நெருப்பே போதும். எளிதாக இருப்பதுதான் அதன் கேடு. உருக்கும்போது எழும் புகையும், கொட்டிய சாம்பலும், உடைத்த தகட்டுப் பொடியும் வாசல் மண்ணில் படிகின்றன. அதே மண்ணில் விளையாடும் குழந்தை விரலை வாயில் வைக்கிறது. குழந்தையின் உடலில் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. படிப்பில் பின்தங்கும் பிள்ளையைப் பெற்றோர் அடிக்கிறார்கள், ஆசிரியர் கடிந்துகொள்கிறார். ஈயம் காரணமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டின் தலைநகரான டாக்காரை அடுத்த தியாரோய் சுர் மேர் என்னும் ஊரில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பது பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் மாண்டனர். ஆய்ந்து பார்த்தபோது அவர்களுடைய உடன்பிறந்தாரின் இரத்தத்திலும் தாய்மாரின் இரத்தத்திலும் ஈயம் மிகுந்திருக்கக் கண்டனர். அத்தாய்மாரும் குடும்பத்துக்கு இரண்டு காசு சேர்க்கவே அத்தொழிலைச் செய்தனர்.

நமது நாட்டில் பழைய ஈய பேட்டரி, 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி அட்டவணையிட்ட கழிவுப் பொருளாகும். தோட்ட நிர்வாகம் அதனை 180 நாட்களுக்குமேல் வைத்திருக்கலாகாது. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். ஆகவே, பழுதானது வண்டியிலிருந்து இறங்கியவுடன் அமிலத்தைக் கால்வாயில் கொட்டாமல், அப்படியே நிமிர்த்தி, கூரையின் கீழ், புதியவற்றிலிருந்து தனியாக வைத்துப் புத்தகத்தில் பதிந்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக யாரேனும் கேட்டால் கிராணி தாட்சணியம் பார்க்கலாகாது. சொந்த மோட்டார் சைக்கிளின் பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம், பல கடைகளில் விலையும் கழித்துத் தருவார்கள்.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இவ்வேலையைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று இளைஞர் ஒருவர் கூட்டத்துக்கு முன் நம்மிடம் கேட்டார். 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பாதுகாப்பான வேலை முறையை அமைப்பது முதலாளியின் கடமை. கொடுக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனத்தை அணிவது தொழிலாளியின் கடமை. 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதனை முதலாளிக்குத் தெரிவிக்கலாம். அவர் நடவடிக்கை எடுக்காவிடில், அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. மண்டோரிடம் முதலில் சொல்லுங்கள், பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் கூட்டத்தில் எழுப்புங்கள். ஸ்டோரில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கு மலாயிலும் எடுத்துச் சொல்லுங்கள். சுவரில் தமிழில் மட்டும் எழுதிவைத்தால் அவர்களுக்குப் புரியாது.

ஹைட்ரோமீட்டரும் வோல்ட் மீட்டரும் இங்கே மேசைமீது உள்ளன. தேநீர் அருந்தியபின் ஓட்டுநர்களும் ஸ்டோர் ஊழியர்களும் கொட்டகைக்கு வந்தால், அங்கே எடுத்து வைத்திருக்கும் பேட்டரிகளை ஒவ்வொன்றாக நீங்களே அளந்து பார்க்கலாம். கண்ணாடிகள் நான்குதான் உள்ளன, எனவே நால்வர் நால்வராக வாருங்கள்.