உண்ணும் பொருளை அறிந்து உண்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மரபணு மாற்றம் செய்யப்பட்ட உணவை உண்பது மார்க்கத்தில் ஆகுமா என்னும் வினாவைத் தொழுகை முடிந்து செல்வோர் பலர் நம்மிடம் கேட்டு வருகின்றனர். இக்கேள்விக்கு நின்ற நிலையில் ஒரு வார்த்தையில் விடை சொல்லிவிடுவது முறையன்று. எனவே இந்த ஆண்டுக் கூட்டத்தில் அதனை விரிவாகப் பேச எடுத்துக்கொண்டோம்.

இவ்விஷயம் நம் நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது கத்தரிக்காயை வைத்துத்தான். மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரிச் செடியில் புகுத்தி, காய்ப்புழு அதனைத் தின்றால் மடியும்படி செய்தார்கள். பி.டி. கத்தரி என்பது அதன் பெயர். நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டிருந்தது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அதற்கு இசைவு தந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். விவசாயிகளும் விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் அவர் முன் நின்று வாதிட்டனர். 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அதனை நிறுத்தி வைப்பதாக அவர் அறிவித்தார். அண்டை நாடான வங்காளதேசமோ 2013இல் அதே கத்தரிக்கு அனுமதி வழங்கியது. மரபணு மாற்றக் கடுகின் மீதான வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு அளித்தனர். கற்றறிந்தவர்களே ஒருமித்துச் சொல்லாத விஷயம் இது என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிட்டோம்.

"அப்படியானால் நாம் அதனை உண்ணவில்லையே, கவலை எதற்கு?" எனச் சிலர் கேட்கக்கூடும். கத்தரிக்காயாக உண்ணவில்லை என்பது சரிதான். ஆனால் நம் ஊரின் தெருமுனையில் மாலை வேளையில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பாலை நினைத்துப் பாருங்கள். பருத்திக்கொட்டையை ஊற வைத்து, ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் அந்தப் பானம் மதுரைப் பக்கத்திற்கும் நம் விருதுநகர்ச் சீமைக்கும் உரியது. 2002ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பி.டி. பருத்திக்கு நாட்டில் அனுமதி கிடைத்தது. இன்று இந்தியாவில் பருத்தி விளையும் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த ரகமே. கரிசல் காட்டில் நம் முன்னோர் விதைத்த கருங்கண்ணிப் பருத்தி அருகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருந்து, எஸ்.வி.பி.ஆர். என்னும் பெயரில் மரபணு மாற்றமில்லாத ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆயினும் சந்தைக்கு வரும் கொட்டை எந்த ரகத்தது என்று பருத்திப்பால் விற்பவருக்கும் தெரியாது, வாங்கிக் குடிப்பவருக்கும் தெரியாது.

கொட்டையிலிருந்து எண்ணெயும் எடுக்கப்படுகிறது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018இல் 65 உணவுப் பொருட்களைப் பரிசோதித்ததில் அவற்றில் 32 சதவீதத்தில் மரபணு மாற்றப் பொருளின் அடையாளம் கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. நம் நாட்டில் தயாரானவற்றில் அகப்பட்டது பருத்திக்கொட்டை எண்ணெய்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். பொருட்களில் அடிப்படை நிலை ஆகுமானது என்பதும், விலக்கப்பட்டது என்று சொல்பவர்தாம் ஆதாரம் காட்ட வேண்டும் என்பதும் ஃபிக்ஹு கலை அறிந்தோருக்குத் தெரிந்த விதியாகும். பி.டி. பயிரில் உள்ளது மண்ணின் பாக்டீரியாவினுடைய மரபணு. விலக்கப்பட்ட பிராணி எதனுடையதும் அன்று. அது உண்டாக்கும் புரதம் புழுவின் குடலில் மட்டுமே வேலை செய்வதாகவும், மனித வயிற்றின் அமிலத்தில் சிதைந்துவிடுவதாகவும் விஞ்ஞானிகள் கூறுகின்றனர். சந்தையில் இப்போதுள்ள மரபணு மாற்ற உணவுகள் பாதுகாப்புப் பரிசோதனையைக் கடந்தவை, அவற்றால் தீங்கு நேர வாய்ப்பில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நீண்ட கால ஆய்வு போதாது என்று மறுப்போரும் உள்ளனர். இந்நிலையில் இதனை ஹராம் என்று மிம்பரில் நின்று அறிவிக்க நமக்கு அதிகாரமில்லை. அப்படி அறிவிக்கும் கைப்பிரதிகள் வந்தால் அவற்றை நம்பிப் பருத்திப்பால்காரரின் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆனால் மற்றொரு விதியும் உண்டு. விற்கும் பொருளின் குறையை விற்பவர் மறைத்தால் வாங்கியவர் அதனைத் திருப்பித் தரலாம். கியாருல் ஐப் என்று மதரஸாவில் ஓதும் பாடம் இது. மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கரத்தை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், அந்த ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்று அவரைக் கண்டித்ததும் நீங்கள் பலமுறை கேட்ட வரலாறு. நனைந்ததை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மறைத்து வைத்ததே குற்றமாயிற்று. பொட்டலத்தின் மீது எழுதி வையுங்கள் என்று இன்று நுகர்வோர் கேட்பதும் இதைத்தான். மரபணு மாற்ற உணவு உள்ள பொட்டலத்தின் முகப்பில் 'ஜி.எம்.' என்ற எழுத்துகள் இருக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடையில் அந்த எழுத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2021 நவம்பரிலும் 2022 நவம்பரிலும் ஒரு சதவீதத்திற்கு மேல் கலந்திருந்தால் எழுத வேண்டும் என்று வரைவு விதிகளை வெளியிட்டது. தீங்கில்லை என்பது உண்மையானால் எழுதுவதற்குத் தயக்கம் ஏன் என்பதே நம் கேள்வி.

சகோதரர்களே! அந்த ஈரத் தானியத்தை நாம் நினைவூட்டியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம், ஏனெனில் இங்கே மாடு வைத்திருப்போரும் புண்ணாக்குக் கடை நடத்துவோரும் இருக்கிறீர்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. பாலில் யூரியா, சோப்புத்தூள் என்று நாம் கேட்டுப் பயந்த கலப்படம் 12 மாதிரிகளில் மட்டுமே இருந்தது. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் நச்சு அளவுக்கு மீறி இருந்தது. அதில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படிப்பட்டவை. இந்த நச்சை எவரும் பாலில் கொண்டுபோய்க் கலப்பதில்லை. ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றை மாடு தின்கிறது. பூஞ்சணத்தின் நஞ்சு மாட்டின் உடலில் மாறிப் பாலில் இறங்குகிறது. கல்லீரலைத் தாக்கக்கூடிய அந்நச்சு பாலைக் காய்ச்சினாலும் போவதில்லை. ஆக, பருத்திக்கொட்டையின் மரபணுவைப் பற்றி விவாதிக்கும் நாம் அதே கொட்டை மூட்டையின் ஈரத்தைப் பார்க்கத் தவறுகிறோம்.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் எதனால் பெயர் பெற்றது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேர்க்காமல் விறகடுப்பில் சுண்டக் கிளறும் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் மாவைச் சேர்த்து எடை கூட்டினால் ஒரு சொட்டு அயோடின் காட்டிக் கொடுத்துவிடும். சிறிது பால்கோவாவைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறிய பின் விட்டால் நீலம் பாயும். பூஞ்சண நச்சுக்கு அவ்விதச் சோதனை வீட்டில் கிடையாது. மாட்டுத் தொழுவத்திலும் புண்ணாக்குக் கிட்டங்கியிலும்தான் அதைத் தடுக்க முடியும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். மழைக் காலத்தில் நனைந்த மூட்டையை விலை குறைத்து ஏழை மாட்டுக்காரர் தலையில் கட்டிவிடாதீர்கள். அவர் அதை அறியாமல் வாங்குகிறார். அவர் மாடு கறக்கும் பாலை உங்கள் பேரப்பிள்ளைதான் குடிக்கிறது.

மாம்பழத்தைப் பற்றியும் ஒரு சொல். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டை வரும் பருவத்தில் ராஜபாளையம் கடைவீதி மணக்கும் என்பார்கள். இப்போது பழம் மஞ்சளாக இருக்கிறது, மணம்தான் இல்லை. வெல்டிங் பட்டறைக்கு உரிய கார்பைடு கல்லைப் பெட்டியில் வைத்துப் பழுக்க வைப்பதே காரணம். அதில் ஆர்சனிக் போன்ற நச்சுகள் தங்கியிருக்கும் என்பதால் அது சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. அவசரமாகப் பழுக்க வைத்தே ஆகவேண்டும் என்போருக்கு எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை பயன்படுத்த 2016இல் அனுமதியும் தரப்பட்டுவிட்டது. ஆகுமான வழி திறந்திருக்கும்போது ஆகாத வழியில் செல்வதற்குச் சாக்கு ஏது? சித்திரை பிறந்தவுடனே பழம் வேண்டும் என்று கேட்கும் நாமும் சற்றுப் பொறுக்கப் பழக வேண்டும்.

சந்தேகம் எழுந்தால் புலம்பிவிட்டுப் போய்விடுவதே நம்மவர் வழக்கம். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையிலுள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்கியவர் தாமே பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்ப உரிமை தருகிறது. அனுப்பப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். பொருளில் குற்றமிருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கிறது. வழக்கும் வம்பும் வேண்டாம் என்போர் நகராட்சிப் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

கடைக்காரர்களை மட்டும் பேசிவிட்டு நம் சமையற்கட்டை விட்டுவிடுவது நியாயமாகாது. இலாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவு வழங்குவோர் அனைவரும் இச்சட்டத்திற்கு உட்பட்டவர்களே. ஆகவே ரமளானில் நாம் ஊற்றும் நோன்புக் கஞ்சிக்கும், திருமண மண்டபத்தில் படைக்கும் பிரியாணிக்கும் ஜமாஅத் பொறுப்பாளியாகும். பிரியாணியிலும் பொரித்த கோழியிலும் அள்ளிப் போடும் சிவப்புச் சாயத்தைச் சட்டம் அனுமதிக்கவில்லை. பஞ்சுமிட்டாயில் ரோடமைன் பி என்னும் துணிச்சாயம் கண்டறியப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய்க்கும் 2018 ஜூலை முதல் வரம்பு கட்டப்பட்டுள்ளது. நேற்றைய வலீமாவில் பொரித்து மிஞ்சியதை இன்றைய வலீமாவுக்கு எடுத்து வருவதைப் பண்டாரிகள் சிக்கனம் என்கிறார்கள். அந்தச் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

எனவே நிர்வாகக் குழுவினரின் பரிசீலனைக்கு ஒன்றை முன்வைக்கிறோம். மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும் ரசீதின் பின்புறத்தில் சாயம் கூடாது, பழைய எண்ணெய் கூடாது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய தேதி எழுதப்பட வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளை அச்சிட்டு, பண்டாரியின் கையொப்பத்தையும் பெற வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிய பில்களைக் கஞ்சிக் கணக்குடன் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வரும் ரமளானுக்கு முன் இதற்கொரு தீர்மானம் வந்தால், கஞ்சிக் கொட்டகையில் முதல் நாளே நடைமுறைப்படுத்திவிடலாம்.