விமானியின் ஓய்வும் சபராளியின் உயிரும்

(தாம்பரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். விமானிகளைப் பற்றி நமக்கென்ன பேச்சு? மாதம் பல இலட்சம் சம்பளம் வாங்குகிறவர்கள், நட்சத்திர ஓட்டலில் தங்குகிறவர்கள். அவர்களுக்காக சண்முகம் சாலையில் கடை வைத்திருப்பவரும், வேலை தேடி அலையும் இளைஞரும் ஏன் கவலைப்பட வேண்டும்? நியாயமான கேள்விதான்.

ஆனால் 2025 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். உள்நாட்டு விமானப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ நிறுவனம் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்களை ரத்து செய்தது. மீனம்பாக்கம் உட்பட நாடெங்கும் விமான நிலையங்களில் மக்கள் பெட்டிகளோடு தவித்தார்கள். "விமானிகளுக்கு அதிக ஓய்வு கொடுக்கச் சட்டம் போட்டார்கள், அதனால் வந்த வினை" என்று டீக்கடைவரை பேச்சு. உண்மை என்ன?

அந்த விதி திடீரென்று முளைத்ததல்ல. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதை 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர வேண்டும். இரவு வேளையில் ஒரு விமானி தரையிறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைய வேண்டும். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது, நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப் போனது. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போராடிய பிறகுதான் 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம்! அத்தனை காலமும் தேவையான ஆள் சேர்க்காத முதலாளியை விட்டுவிட்டு, தூங்க நேரம் கேட்டவனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? கடைசியில் நடந்தது என்ன? அதே நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தரப்பட்டது. கடன் கட்டத் தவறியவனுக்குத் தவணை, கொடுத்தவனுக்கு ஏச்சு!

இரவு நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்கள் மங்களூரை நினைவுகூர வேண்டும். 2010 மே 22. நள்ளிரவுக்குப் பின் துபையிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், விடிந்த வேளையில் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் விழுந்து எரிந்தது. 166 பேரில் பிழைத்தவர்கள் எட்டே பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சபராளிகள், விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்கள். விமானி அறையின் ஒலிப்பதிவை விசாரணைக் குழு கேட்டபோது, முதல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக மூத்த விமானி உறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. குறட்டைச் சத்தமே பதிவாகியிருந்தது. விழித்த பிறகும் தெளியாத தூக்கக் கலக்கம். துணை விமானி "இறங்க வேண்டாம், மீண்டும் மேலே எழும்புங்கள்" என்று எச்சரித்தும் அவர் இறக்கினார். அவர் சோம்பேறியா? இல்லை. பின்னிரவில் உடல் தூக்கத்தைக் கேட்கும். சஹர் நேரத்தில் எழும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நமது வளைகுடா விமானங்களில் எத்தனை இந்த வேளையில் புறப்படுகின்றன, எண்ணிப் பாருங்கள்.

எனவே விமானி ஓய்வு கேட்டால், அதில் 180 பயணிகளின் கோரிக்கையும் சேர்ந்தே இருக்கிறது.

சரி, விமானிகள் மீது குறையே இல்லையா? உண்டு. அதையும் பேசத்தான் வேண்டும். நீண்ட காலமாக இவர்கள் தங்களைத் தொழிலாளி என்று எண்ணவில்லை. தங்களுக்குள்ளேயே பிரிந்தும் கிடந்தார்கள். 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் இணைக்கப்பட்டன. நிறுவனம் ஒன்றானது, விமானிகள் சங்கம் இரண்டாகவே நின்றது. 2011இல் ஒரு சங்கம் சம்பளச் சமத்துவம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தது. 2012இல் மற்றொரு சங்கம் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. காரணம் என்ன தெரியுமா? புதிய போயிங் 787 விமானத்தை ஓட்டும் பயிற்சியை மற்ற சங்கத்துக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாதாம்! நூறு பேருக்கு மேல் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த 58 நாளும் உள்நாட்டு விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. 2006 பிப்ரவரியில் தனியார்மயத்தை எதிர்த்து விமான நிலைய ஆணைய ஊழியர்கள் நான்கு நாள் போராடியபோதும் அப்படியே. குப்பை அள்ள ஆளில்லை, விமானம் மட்டும் பறந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை. 1981 ஆகஸ்டில் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிபர் ரீகன் 11 ஆயிரத்துக்கும் அதிகமானோரை வேலையை விட்டே துரத்தினார். விமானிகள் அவர்களைக் கடந்து போய் விமானம் ஓட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் காண்டினென்டல் நிறுவனம் திவால் மனு போட்டு, ஒப்பந்தங்களைக் கிழித்து, விமானிகளின் சம்பளத்தைப் பாதியளவுக்கு வெட்டியது. அப்போது அவர்கள் போராட இறங்கினார்கள். துணைக்கு வர அந்தக் கட்டுப்பாட்டாளர்கள் வேலையில் இல்லை.

"அடம் பிடித்தால் வேறு ஆளைப் போட்டு ஓட்டு" என்கிறவர்களுக்கும் பழைய செய்தி ஒன்று உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் போராடிக்கொண்டிருந்தபோது உஸ்பெகிஸ்தானிலிருந்து விமானமும் விமானிகளும் வாடகைக்கு வந்தனர். 1993 ஜனவரி 9 அன்று அதில் ஒன்று டெல்லியில் இறங்கும்போது கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே 165 பேர். அத்தனை பேரும் பிழைத்தது இறைவனின் கருணை, திட்டமிட்டவர்களின் திறமையல்ல.

ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணிப்பெண்களும் பணியாளர்களும் கூட்டாக உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தார்கள். சுமார் 25 பேரை நிறுவனம் நீக்கியது. தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்தது. இரண்டொரு நாளில் நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. அந்த நாட்களில் வளைகுடா விமானங்கள் ரத்தாகி, விசா முடியும் தேதியோடு நின்றவர்களின் தவிப்பு சிறியதல்ல. அந்தக் கோபம் கவுண்டரில் நின்ற சம்பளக்காரப் பெண்ணின் மேல் கொட்டப்பட்டதுதான் வேதனை. விமானத்தை ரத்து செய்யும் அதிகாரம் அவளிடமா இருக்கிறது?

இளைஞர்களே! பிள்ளையை விமானியாக்க வீட்டை அடகு வைக்கும் பெற்றோர் இப்போது பெருகிவிட்டார்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் பயிற்றுநர் பள்ளி நடக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கே கற்றுக்கொடுக்கும் இடம், உஸ்தாதுக்கு உஸ்தாத். அந்தச் சீருடையைப் பார்த்து வளர்ந்த நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயற்கை. ஆசைப்படுங்கள், ஆனால் கணக்கும் போடுங்கள். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். செலவு ஐம்பது இலட்சத்தைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகும் குறிப்பிட்ட இரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி, தனிப் பணம். வேலை கிடைத்தாலும், 2017 விதிப்படி தலைமை விமானி விலக ஓராண்டு முன்னறிவிப்பு, துணை விமானிக்கு ஆறு மாதம். முதலாளிக்கு அப்படிக் கட்டு உண்டா? கிங்ஃபிஷர் 2012இல் மாதக்கணக்கில் சம்பளம் தராமலேயே மூடியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. கடன் வாங்கிப் படித்தவனின் தவணை நிற்கவில்லை. சேர்வதானால் முதல் நாளே சங்கத்திலும் சேருங்கள். அந்தச் சங்கம் பெட்டி தூக்குபவனையும் கண்டுகொள்கிறதா என்று பாருங்கள்.

வணிகச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை கடையில் நிற்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே போட்டது. கேரளம் அதற்கு முன்பே செய்துவிட்டது. விமானியின் ஓய்வு நியாயம் என்று நீங்கள் தலையசைத்தீர்களே, நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும் உங்கள் கடையில் ஸ்டூல் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் மாலைக்குள் வாங்கிப் போடுங்கள்.