மங்கிப்போன அலுமினியம்: பாலிஷ் எடுக்கும் முன் ஒரு பீப்

இன்னைக்குப் பழைய கார்களில் வரும் அலுமினியப் பட்டைகளைப் பற்றிப் பேசலாம். 1960களின் செவ்ரலே இம்பாலாவின் முன்பக்க கிரில், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பக்கவாட்டுப் பட்டை எல்லாம் இந்த வகைதான். பல வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்றால் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். மெட்டல் பாலிஷ் போட்டு மணிக்கணக்கில் தேய்த்தாலும் போகாது. ஏன்?

மங்கியது உலோகம் இல்லைங்க, அதன் மேலிருக்கும் அனோடைஸ் படலம். ஃபேக்டரியில் பட்டையை நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். மேற்பரப்பு அப்படியே அலுமினியம் ஆக்ஸைடாக மாறும். கனம் சில மைக்ரான்தான், ஆனா செம கெட்டி. மாணிக்கக் கல்லும் வேதியியல்படி அலுமினியம் ஆக்ஸைடுதானே!

அந்தப் படலம் இருக்கான்னு எப்படித் தெரியும்? மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வையுங்கள். கம்பி முனைகளால் கீறாமல், படுக்கவைத்துப் பட்டையைத் தொடுங்கள். பீப் வந்தால் வெறும் உலோகம், நேரடியாகப் பாலிஷ் போடலாம். வரவில்லை என்றால் மேலே ஏதோ இருக்கிறது, ஏனென்றால் ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாது. லாக்கர் அடித்திருந்தாலும் பீப் வராது. ஓர் ஓரத்தில் தின்னர் தொட்டுத் துடைத்தால் தெரிந்துவிடும். படலம் திட்டுத்திட்டாகப் போயிருக்கலாம், அதனால நாலஞ்சு இடத்தில் பாருங்க.

படலத்தை எடுக்க காஸ்டிக் சோடா கரைசல். இங்கதான் கவனம். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிளாஸ்டிக் தொட்டி, ரப்பர் கிளவுஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஹைட்ரஜன் வாயு வரும், எனவே திறந்தவெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். படலம் கரைந்ததும் நுரை சட்டென்று அதிகமாகும். உடனே எடுத்து நிறைய தண்ணீரில் அலசுங்கள். விட்டுவிட்டால் காஸ்டிக் உலோகத்தையே தின்ன ஆரம்பிக்கும்.

பிறகு வாட்டர் பேப்பர்: 600, 1000, 1500, 2000 என்று வரிசையாக, தண்ணீர் தொட்டு. கடைசியில்தான் பாலிஷ். கண்ணாடி மாதிரி மின்னும்!

ஆனா ஒண்ணு. அந்தப் படலம்தான் இத்தனை வருஷம் பட்டையைக் காப்பாற்றியது. அதை எடுப்பது பேக்கப் இல்லாமல் டெலீட் பண்ற மாதிரி. அதனால் எடுப்பதற்கு முன்பே அடுத்து என்ன என்று முடிவு செய்யுங்கள். மறுபடி அனோடைஸ் செய்வதுதான் நிலைக்கும். கிளியர் லாக்கர் அடிக்கலாம், நாளாவட்டத்தில் உரியும். வெறும் வாக்ஸ் என்றால் அடிக்கடி பூச வேண்டும், இல்லையென்றால் மறுபடி மங்கும்.

இதுக்கெல்லாம் நேரம் இல்லையா? லேசான மங்கல்தான் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாக்ஸ் பூசி, அப்படியே விட்டுடுங்க. சில மாடல்களுக்கு மாற்றுப் பட்டை கிடைப்பதே கஷ்டம். மங்கின பட்டையோடு கார் ஓடும். அரித்துப்போன பட்டையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம், பை!