அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்



பழைய மிதி மெஷினில் கில்ட் தைக்கும் கலையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சுப் பாளம். மூன்றும் நகராதபடி பரப்பு முழுவதும் கோடுகோடாகவோ கொடிகொடியாகவோ தையல் ஓட்டினால் அது கில்ட். நைந்த பருத்திப் புடவைகளை அடுக்கி, கையால் இழையோட்டிக் குழந்தைக்கு விரிப்பு தைத்துப் போடுவார்களே, அதற்கு இது நெருங்கிய சொந்தம்.

கில்ட்டைப் பார்ப்பவர்கள் நிறத்தையும் ஒட்டுகளின் அழகையும் சொல்லி வியப்பார்கள். எனக்கு அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தைத்தவருக்கு மெஷின் எவ்வளவு பழக்கம் என்பது அங்கேதான் தெரியும். மேல் நூலும் அடி நூலும் சமமாக இழுபட்டு நிற்பதைத்தான் தையல்காரர்கள் டென்ஷன் என்கிறார்கள். பழைய மெஷினை வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். தையல் கொஞ்சம் கோணினாலும் உடனே டென்ஷன் திருகில் கை போய்விடுகிறது. அங்கே கடைசியாகத்தான் கை போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற மெஷினிலும் சரி, ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற மெஷினிலும் சரி, நம் வீட்டு மூலையில் இருக்கும் மெஷினிலும் சரி, தையலின் அடிப்படை ஒன்றுதான். இரண்டு நூல்கள் துணிக்குள்ளே ஒன்றையொன்று கொக்கி பிடிக்கின்றன. அந்தப் பிடிப்பு மேலேயும் தெரியக் கூடாது, அடியிலும் தெரியக் கூடாது, நடுவில் ஒளிந்துகொள்ள வேண்டும். கனமான பஞ்சு வைத்த கில்ட்டில் ஒளிய இடம் நிறைய உண்டு. மெல்லிய பஞ்சு வைத்தால் இடம் குறைவு, சின்னப் பிசகும் வெளியே எட்டிப் பார்த்துவிடும். மெல்லிய கில்ட் சுலபம் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில்தானே கோளாறு தெரிகிறது என்று எல்லோரும் அடி நூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றுவார்கள். கோளாறு இருப்பது மேலே. ஒவ்வொரு தையலுக்கும் மேல் நூல் ஒரு வளையமாகக் கீழே இறங்கி, பாபின் கேஸையே முழுதாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த நீள நூலைத் திரும்ப மேலே இழுப்பது, முகப்பில் ஏறி இறங்கும் அந்த நெம்புகோல். டென்ஷன் திருகு இறுக்கும் இரண்டு தட்டுகள் நூலை இறுகப் பிடித்திருந்தால்தான் நெம்புகோல் கீழே இருக்கும் நூலை இழுக்கும். பிடிக்காவிட்டால் சுலபமான வழியைப் பார்த்து, நூல்கண்டிலிருந்து புது நூலை உருவிக்கொள்ளும். கீழே போன நூல் கீழேயே தங்கிவிடும். தொங்கும் வளையங்கள் அந்த நூல்தான்.

தட்டுகள் ஏன் பிடிக்கவில்லை? பல நேரம் நூல் தட்டுகளுக்கு நடுவே போகவே இல்லை. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கினால் தட்டுகள் விலகும், இறக்கினால் கூடும். ஆகவே பாதத்தைத் தூக்கிவைத்துத்தான் நூல் கோக்க வேண்டும். இறக்கிவைத்துக் கோத்தால் நூல் தட்டின் விளிம்பிலேயே நின்றுவிடும்.

சமீபத்தில் ஓர் உறவினர் வீட்டு மெஷினில் மேல் திருகை இதற்கு மேல் திருப்ப முடியாத அளவுக்கு இறுக்கியும் அடியில் வளையங்கள் நிற்கவில்லை. தட்டுகளை விலக்கி விளக்கொளியில் பார்த்தபோது, நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் துணுக்காகப் பெயர்ந்து வந்தது. கையால் கில்ட் தைப்பதற்கென்று மெழுகு பூசி விற்கும் நூலை மெஷினில் ஓட்டியிருக்கிறார்கள். பூச்சும் நூற்பஞ்சும் சேர்ந்து தட்டுகளை முழுதாக மூடவிடாமல் தடுத்திருக்கின்றன. பழைய வேட்டிக் கிழிசல் ஒன்றை உள்ளே விட்டு இழுத்து இழுத்துத் துடைத்த பிறகு தையல் சீரானது. திருகை அதன் பழைய இடத்துக்கு வெகுதூரம் தளர்த்த வேண்டியிருந்தது. அவ்வளவு நாளும் திருகின்மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள்.

இதற்கு எதிரான கோளாறும் உண்டு. அடி நூலின் நிறம் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம் அதிகம், அல்லது அடி நூல் தொய்வு. எந்த நூல் குற்றவாளி என்று தெரிய, இரண்டு நிற நூல் போட்டு, அதே துணி அதே பஞ்சு வைத்த துண்டில், மூலைவாட்டில் தைத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். எது அறுகிறதோ அதுதான் மிகை இறுக்கம். இரண்டும் ஒன்றாக அறுந்தால் சமம்.

அடி நூலின் இறுக்கத்துக்கு, பாபின் கேஸின் பக்கவாட்டில் ஒரு பட்டைக் கம்பி, அதில் எள்ளளவு திருகு. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டால் தானாக இறங்கக் கூடாது. கையை லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். தம்புராவில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினால் நாதம் மாறுவதுபோல, இந்தத் திருகும் நூலளவு அசைவுக்கே பதில் சொல்லும். தொடுவதற்கு முன் அதன் காடி எந்தத் திசையில் நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகும் தையல் கோணினால், கில்ட்டின் எடையைப் பாருங்கள். மேஜை விளிம்பில் அது பாரமாகத் தொங்கினால் ஊசியை வளைக்கிறது, வளைந்த ஊசி தையலைத் தவறவிடுகிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் துணியை ஏந்தவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஊசி மழுங்கியிருந்தால் மாற்றுங்கள், மூன்று அடுக்குக்குப் பதினான்காம் எண் ஊசி நல்லது. நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். மிதி மெஷினில் சக்கரம் ஒரு சுற்று பின்னோக்கிப் போனாலே அடியில் நூல் சிக்கும்.

கொடியும் வளைவுமாகத் தைக்கும்போது துணி தள்ளும் பல்லைச் செயலிழக்கச் செய்துவிட்டு, நாமே துணியை நகர்த்துகிறோம். பல்லை இறக்க வழியில்லாத மெஷினில் மேலே ஒரு தகடு போட்டு மூடுவார்கள். இப்போது தையலின் நீளம் மெஷின் கையில் இல்லை, நம் கையில். வளைவு வந்ததும் கை வேகமெடுக்கும், கால் அதே வேகத்தில் மிதிக்கும். வளைவில் மட்டும் அடிப்பக்க நூல் இமைமயிர்போல் நீட்டிக்கொண்டு நிற்கும். நேர்கோட்டில் சரியாக விழுந்து வளைவில் மட்டும் கெட்டால், எந்தத் திருகையும் தொடாதீர்கள்; கையை மெதுவாக்குங்கள்.

கையால் தைத்ததே கலை, மெஷினில் தைத்தது குறுக்கு வழி என்ற எண்ணம் கில்ட் உலகில் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பட்யூகா நகரில் நடக்கும் கில்ட் கண்காட்சியில் 1989-இல் கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினிலேயே தைத்த சூரிய கிரகண கில்ட் ஒட்டுமொத்தச் சிறந்த கில்ட்டுக்கான பரிசு பெற்றபோது அந்த எண்ணம் பலமாக ஆடியது. அந்தப் பரிசு நியாயம் என்றே சொல்வேன். மெஷின் தையலில் கை ஒதுங்கிவிடுவதில்லை. வளைவு வளைவாக அதன் வேகம் துணியில் பதிகிறது.

பழைய மெஷினை நான் விரும்பக் காரணம், அதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், விரலுக்கு எட்டும். தட்டு, கம்பி, திருகு எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மெஷின் எண்ணெயே போதும். எண்ணெய் விட்ட கையோடு ஒரு பழந்துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, கறை நின்றதும் கில்ட்டை எடுத்து வையுங்கள்.