லோரிக்கு எந்த எண்ணெய்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் லோரி ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)

     

சம்பளத்தையும் போனசையும் பேசவேண்டிய மேடையில் இஞ்சின் எண்ணெயைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை. ஆனால் இந்த எண்ணெய் ஓர் ஓட்டுநரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த கதை நம் வட்டாரத்தில் நடந்துவிட்டது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே கட்டிப்பாலும் செம்பனைக் குலையும் ஏற்றும் டீசல் லோரிக்குப் புதிதாகச் சிந்தெட்டிக் எண்ணெய் வாங்கினார்கள். விலை கூடிய எண்ணெய். டின்னின்மேல் நீண்ட தூரம் ஓடும் என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்த நிர்வாகத்தார், இனி 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று உத்தரவிட்டார்கள். 9,200 கிலோமீட்டரில் இஞ்சினின் பேரிங் தேய்ந்து பிடித்துக்கொண்டது. உடனே ஓட்டுநருக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. அளவுக் கம்பியைப் பார்க்காமல் ஓட்டினான், பழுது பார்த்த செலவைச் சம்பளத்தில் பிடித்தால் என்ன, என்று அதில் கேட்டிருந்தார்கள்.

நாங்கள் கிராணிமார்கள். எங்களுக்கு இஞ்சினைப் பிரிக்கத் தெரியாது. ஏட்டைப் புரட்டத் தெரியும். செக்ரோலையும் ஸ்தோர் ஏட்டையும் எடுத்து மேசைமேல் போட்டோம். அந்த லோரி நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் இஞ்சின் நாளொன்றுக்கு 7 மணி நேரம் இயங்குகிறது. நிறுவைக்குக் காத்து நிற்கையில் ஓடுகிறது. குலை ஏற்றும்போது ஓடுகிறது. மேட்டில் முதல் கியரில் முக்கி முனகி ஓடுகிறது. 9,200 கிலோமீட்டர் என்றால் 153 வேலை நாள். அதை 7 மணியால் பெருக்கினால் 1,071 மணி. பெருஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் லோரி இதே 9,200 கிலோமீட்டரை 153 மணியில் முடித்துவிடும். தூரம் ஒன்றுதான், நம் லோரியின் எண்ணெய் ஏழு மடங்கு நேரம் வெந்திருக்கிறது! லோரியோடு வந்த கையேட்டில் புழுதியிலும் பாரத்திலும் ஓடும் வண்டிக்குச் சாதாரணக் கெடுவில் பாதி என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. கணக்கைக் காட்டியதும் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் லோரி பட்டறையில் கிடந்த நாளெல்லாம் அந்தத் தோழருக்கு மிகைநேரச் சம்பளம் இல்லை. அது போனது போனதுதான்.

இங்கே சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எதை எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. தவறுதலாகக் கூடுதலாய்க் கொடுத்த சம்பளம், முன்பணம் என்று அந்தப் பட்டியல் போகிறது. இஞ்சின் கெட்டதற்கு ஈடு என்பது அதில் இல்லை. ஆகவே எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு ரிப்போர்ட்டுதான்" என்று நீட்டினாலும் கிளைச் செயலாளரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

இனி எண்ணெய்க்கு வருவோம்.

சிந்தெட்டிக் என்றால் என்ன? செயற்கை என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோட்ட மக்களுக்கு வயிறு கலங்கும். செயற்கை ரப்பர் வந்து நம் பால் விலையைப் படுத்திய பாட்டை நம் பாட்டன்மார் கண்டவர்கள். ஆனால் பாருங்கள், அதே லோரியின் டயரில் இன்றும் நம் மரத்து ரப்பர்தான் பெரும்பங்கு. பாரம் சுமக்கும் டயர் சூடேறாமல் இருக்க இயற்கை ரப்பரே ஏற்றது. இஞ்சினுக்குள் கதை வேறு; அங்கே சூட்டைத் தாங்குவதில் செயற்கை எண்ணெய் கெட்டி. பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. என்ன வேலைக்கு என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

நிலத்தடி எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது சாதாரண எண்ணெய். அதில் சிறிதும் பெரிதுமாகப் பல அளவு மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். இலேசானவை சூட்டில் ஆவியாகும். பலவீனமானவை காற்றோடு சேர்ந்து பிசினாகும். செயற்கை எண்ணெயை வேதியியல் முறையில் ஒரே சீராகக் கட்டுகிறார்கள். ஆகவே அது மெதுவாகக் கெடும், குறைவாக ஆவியாகும், டர்போவின் சூட்டில் எளிதில் கரியாகாது. குளிர் நாட்டில் காலையில் இறுகிப்போகாமல் ஓடும்.

ஆனால் டின்னில் சிந்தெட்டிக் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அடி எண்ணெயை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காம் பிரிவு முழுக்கக் கட்டி எழுப்பியது. மூன்றாம் பிரிவு, நிலத்தடி எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தது. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் மோபில் கம்பெனி, காஸ்ட்ரோல் கம்பெனி மூன்றாம் பிரிவைச் சிந்தெட்டிக் என்று விளம்பரம் செய்வது தவறு என்று விளம்பரத் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. குழு, அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு கூறியது. அதிலிருந்து மூன்றாம் பிரிவும் சிந்தெட்டிக் என்றே பல நாடுகளில் விற்பனையாகிறது. நம் மலாக்காவிலேயே பெட்ரோனாஸ் மூன்றாம் பிரிவு எண்ணெய் உற்பத்தி செய்கிறது. நல்ல எண்ணெய்தான்; அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிந்தெட்டிக் என்ற சொல் ஒன்றை மட்டும் பார்த்து விலை கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவதாகும். செமி-சிந்தெட்டிக் என்பது இன்னும் மோசம். எவ்வளவு கலந்தால் அந்தப் பெயர் வைக்கலாம் என்பதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது.

பின்னே எதைப் பார்ப்பது? டின்னின் பின்புறத்தைப் பாருங்கள். வட்ட முத்திரை ஒன்று இருக்கும். நடுவில் பிசுக்கின் அளவு: 15 டபிள்யூ 40 என்று இருக்கும். டபிள்யூ குளிரைக் குறிப்பது. 15 டபிள்யூ எண்ணெய், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரிக் குளிரிலும் இஞ்சினைச் சுழலவிடும் என்று சோதித்துப் போட்ட எண் அது. நம் தோட்டத்தில் அப்படி ஒரு குளிர் வருமென்றால் ரப்பர் மரமே நிற்காது! ஆகவே 5 டபிள்யூ, 0 டபிள்யூ என்று கூடுதல் காசு கொடுத்துக் குளிருக்குக் காப்பு வாங்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கையேடு கேட்டால் ஒழிய. பின்னால் வரும் 40 என்பது சூட்டில் உள்ள பிசுக்கு. கையேடு 40 என்றால் 40தான். 30 போட்டால் டீசல் மிச்சம் என்று கடைக்காரர் சொன்னால், மிச்சமாகும் டீசலுக்கு யார் பேரிங் வாங்கித் தருவார் என்று கேளுங்கள்.

முத்திரையின் மேல் வளைவில் ஏ.பி.ஐ. தரம் இருக்கும். 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. சி.ஐ.-4 என்பது 2002இல் வந்தது. சி.கே.-4 என்பது 2016 டிசம்பரில் வந்தது. பழைய லோரிக்கும் போடலாம். அதே நாளில் எப்.ஏ.-4 என்றொரு தரமும் வந்தது. அது மெல்லிய எண்ணெய். அதற்கென்றே செய்த புது இஞ்சின்களுக்கு மட்டும். இரண்டும் ஒன்றாய் வந்தவைதானே என்று மாற்றிப் போட்டால் பழைய இஞ்சினுக்கு ஆபத்து. ஜப்பானிய லோரிகளுக்கு டி.எச்.-1, டி.எச்.-2 என்ற ஜப்பானியத் தரமும் உண்டு. புகைக்குழாயில் கரி வடிகட்டி இருந்தால் டி.எச்.-2, இல்லையென்றால் டி.எச்.-1. வடிகட்டி உள்ள லோரிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே ஊற்றவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயின் சாம்பல் போய் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும்.

சாதாரண எண்ணெயா, செயற்கை எண்ணெயா என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். 12 லிட்டர் பிடிக்கும் இஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண எண்ணெய் லிட்டர் 20 வெள்ளி, வடிகட்டி 60 வெள்ளி என்றால், ஒரு மாற்றுக்கு 300 வெள்ளி. செயற்கை எண்ணெய் லிட்டர் 45 வெள்ளி என்றால், வடிகட்டியோடு 600 வெள்ளி. சரியாக இரட்டிப்பு. அப்படியானால் இரட்டிப்பு நேரம் ஓடினால்தான் முதலுக்கு முதல். அந்த இரட்டிப்பு நேரம் ஓட்டலாம் என்று யார் சொல்லவேண்டும்? டின் அல்ல, லோரி செய்தவன் சொல்லவேண்டும், அல்லது எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துச் சொல்லவேண்டும். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசலின் பம்பு விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, வண்டிச் செலவில் எதைக் குறைக்கலாம் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. அப்போதெல்லாம் முதலில் கை வைப்பது எண்ணெய் மாற்றும் கெடுவில்தான்.

நம் தோட்டத்தில் கெடுவை நீட்டக்கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. செம்மண் சாலைப் புழுதி! காற்று வடிகட்டியில் சிறு ஓட்டை இருந்தாலும் உள்ளே போகும் மணல் எல்லாவற்றையும் அரைத்துவிடும். எண்ணெயில் மணல் மிதந்தால், அது சாதாரண எண்ணெயா செயற்கை எண்ணெயா என்று மணல் பார்ப்பதில்லை. அடுத்தது, நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்திருக்கிறது. நம் பயிர், நமக்குப் பெருமைதான். ஆனால் சரியாக எரியாமல் அது கீழே இஞ்சின் எண்ணெயில் இறங்கிவிட்டால், சாதாரண டீசலைப்போல் எளிதில் ஆவியாகி வெளியேறாது. அங்கேயே தங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். நின்றபடியே நெடுநேரம் ஓடும் இஞ்சினில் இந்தத் தொல்லை கூடுதல்.

ஆகவே எமது கருத்து இது. டர்போ இல்லாத பழைய லோரிக்கு நல்ல 15 டபிள்யூ 40, சி.ஐ.-4 அல்லது சி.கே.-4 தரமுள்ள சாதாரண எண்ணெயே போதும். மணிக்கணக்கில் தவறாமல் மாற்றினால். டர்போ வைத்த, மேடு ஏறிப் பாரம் இழுக்கும் புது லோரிக்குச் செயற்கை எண்ணெய் தகும். கையேடு அதைக் கேட்டால் மறுபேச்சே இல்லை. ஆனால் அதை இஞ்சினைக் காக்கப் போடவேண்டுமே தவிர, கெடுவை நீட்டப் போடக்கூடாது. சிந்தெட்டிக் போட்டால் பிறகு பழைய எண்ணெய்க்குத் திரும்ப முடியாது என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. அது வெறும் பேச்சு. வழியில் குறைந்தால், ஒரே தரமும் பிசுக்கும் உள்ள வேறு எண்ணெயை ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

ஓட்டுநர் தோழர்களே! மினியாக் ஹித்தாம் கறுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். டீசல் இஞ்சினில் எண்ணெய் சில மணியிலேயே கறுக்கும். கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். பயப்படவேண்டியது வேறு. சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுங்கள். அளவு குறைந்தால் ஊற்றலாம். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால்? டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. டீசல் வாடை அடிக்கும். தண்ணீரென்றால் பால் கலந்த காப்பிபோல் இருக்கும். அந்த லோரியை எடுக்காதீர்கள். எடுக்கச் சொன்னால் எழுதிக் கேளுங்கள். தேதி, மீட்டர், இஞ்சின் மணி, ஊற்றிய டீசல், எண்ணெய் அளவு, ஓட்டுநர் கையெழுத்து, மண்டோர் கையெழுத்து என்று கோடு போட்ட ஏடு ஒன்றை நாங்கள் தயாரித்திருக்கிறோம். ஒவ்வொரு லோரிக்கும் ஒன்று. மணிக்கணக்கு மீட்டர் இல்லாத லோரிக்கு டீசல் லிட்டரை வைத்தே கணக்குப் போடலாம். எரித்த டீசல்தான் எண்ணெயின் வயதைச் சரியாகக் காட்டும். முன்னே சொன்ன தோழருக்கு இந்த ஏடு இருந்திருந்தால் அந்தக் கடிதமே வந்திருக்காது.

பட்டறைத் தோழர்களுக்கு ஒன்று. கழித்த எண்ணெய் சாதாரணமானாலும் செயற்கையானாலும் தோலுக்கு நஞ்சு. நாள்தோறும் கையில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் புற்றுநோய் வரக்கூடும். கையுறை கேட்டு வாங்குங்கள். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பைக்குள் திணிக்காதீர்கள். காயத்துக்குப் பூசும் பழைய வழக்கத்தையும், கால்வாயில் கொட்டும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள். 2005ஆம் ஆண்டு விதிகளின்படி கழித்த மசகெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணுள்ள கழிவு. தோம்பில் மூடிபோட்டு, எண்ணையும் தேதியையும் எழுதி, மழை படாத இடத்தில் வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கவேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தத் தோம்பு எங்கே இருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள்.

ஏடுகள் செயலாளரிடம் இருக்கின்றன. கேள்வி உள்ளவர்கள் எழுந்து கேட்கலாம்.